கறைக்கண்டருக்கு அவுரி மருந்து

அவுரித் தொட்டியில் இறங்கி வேலை செய்பவருக்கு முதலில் மரத்துப் போவது மூக்கு. அறுத்த அவுரியைக் கட்டுக் கட்டாகத் தொட்டியில் அமுக்கி, மேலே கல்லை ஏற்றி ஊறவிட்டால், மறுநாள் தண்ணீர் பச்சையும் மஞ்சளுமாக நுரைத்து நிற்கும். அந்த நாற்றம் இருக்கிறதே, அதைச் சொல்லிக் காட்ட எனக்குத் திறமை போதாது. அந்தத் தண்ணீரை இன்னொரு தொட்டிக்கு இறக்கி, இடுப்பளவு நின்று துடுப்பால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கக் காற்றுப் பட்டுப் பச்சை மாறி நீலமாகும். அடியில் படிந்த சேற்றை வடித்து வில்லையாகத் தட்டிக் காயவைத்தால், நெசவாளர் கொண்டாடும் நீலச்சாயம். சாயத்தை எல்லாருக்கும் பிடிக்கும். சாயம் எடுப்பவர் எதிரே வந்தால்தான் மேல்துண்டு மூக்குக்குப் போகும்.

கானலூர் வேம்பனார் அந்தத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று சொல்லலாம். கானலூர் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர். அங்கே நெல்லை நம்பியவர் எல்லாரும் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்துத் திட்டியவர்கள்தாம். அவுரி அப்படியில்லை. முளைக்க ஒரு மழை, வளர ஒரு மழை; அதற்கு மேல் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் வேரை இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டுக்கொள்ளும். வேம்பனாரும் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளதை உண்டு, இல்லாததை நினையாது, கறைக்கண்டீசரின் பெயரைச் சொல்லியபடியே துடுப்புப் போடுவார்.

கறைக்கண்டீசர் அவ்வூர்ப் பெருமான். தானே தோன்றிய லிங்கத் திருமேனி. அதன் நடுவே, கழுத்து இருக்கவேண்டிய இடத்தில், கருநீல வளையம் ஒன்று ஓடும். ஆலகாலம் உண்ட கறை அதுவே என்று ஊர் கொண்டாடியது. திருப்பெயரும் அதனால் வந்தது. வேம்பனார் அதைக் கண்டதில்லை. அவுரிக்காரர் வாசலோடு நிற்க வேண்டும் என்பது அந்நாள் வழக்கம். நாற்றம் என்றார்கள், தீட்டு என்றார்கள், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் விடியற்காலையில் ஊருணியில் முழுகிவிட்டுத் தேரடியோரம் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் கருவறை விளக்கு ஒரு பொட்டளவு தெரியும். அந்தப் பொட்டைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொட்டிக்குப் போவார்.

அவுரிக்கு இன்னொரு குணம் உண்டு. நஞ்சை முறிக்கும். பாம்பு தீண்டினாலும் சரி, எதையோ தின்று வாயில் நுரை தள்ளினாலும் சரி, கானலூரார் ஓடி வருவது அவுரிக்காரர் வீட்டுக்குத்தான். அப்போது மட்டும் யாருக்கும் நாற்றம் தெரியாது. வேம்பனார் இலையைப் பறித்து மிளகோடு அரைத்துப் புகட்டுவார். பிழைத்தவர்கள் பலர். பிழையாதது ஒரே ஒரு உயிர். அது அவருடைய சொந்த மகள்.

அதை எப்படிச் சொல்வது? அவுரி பூக்கும் முன்னே அறுத்தால்தான் சாயம் நன்றாக இறங்கும். அதனால் வேம்பனார் அந்த ஆண்டு காட்டை ஒட்ட அறுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார். மறுநாள் குழந்தையை நாகம் தீண்டியது. அத்தனை அவுரி விளைந்த காட்டில் ஓர் இலை இல்லை. எல்லாம் தொட்டியில் அழுகிக் கிடந்தது. அடுத்த ஊருக்கு ஓடி அவர் இலை கொண்டுவந்தபோது, "தொண்ட நோவுதுப்பா" என்ற ஒரு வார்த்தைதான் குழந்தைக்கு மிச்சம் இருந்தது. அந்த வார்த்தைக்குப் பிறகு அவளால் மருந்தை விழுங்க முடியவில்லை. அன்றிலிருந்து வேம்பனார் வரப்போரம் ஒரு வரிசையை அறுக்காமல் விடுவார். அது பாட்டுக்கு வளர்ந்து, சின்னச் சின்னச் செம்பூவாகப் பூத்து நிற்கும். சாயத்துக்கு நஷ்டம் என்று சொன்னவர்களுக்கு அவரும் அவர் மனைவி சோலைச்சியாரும் பதில் சொன்னதில்லை.

ஒரு பிரதோஷ நாள். கோயில் முன்றிலில் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் திருக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாற்கடலைக் கடைந்ததும், வாசுகி நஞ்சைக் கக்கியதும், தேவரும் அசுரரும் தலைதெறிக்க ஓடியதும், நம் பெருமான் அந்த நஞ்சை எடுத்து உண்டதும், அம்மை பதறிக் கழுத்தைப் பிடிக்க அது அங்கேயே நின்றதும் சொல்லி முடித்தார். கூட்டம் அரகரா என்று ஆரவாரித்துக் கண்ணீர் விட்டது. தேரடியில் நின்ற வேம்பனார் மட்டும், கதை இன்னும் முடியவில்லை என்று எண்ணிக்கொண்டு காத்திருந்தார். கூட்டம் எழுந்திருப்பதைக் கண்டதும் அவருக்குக் குழப்பமாகிவிட்டது. பக்கத்தில் நின்ற கோயில் மணியக்காரர் வில்லவராயரையே கேட்டுவிட்டார்.

"அப்புறம் என்னாச்சு எசமான்?"

"அப்புறம் என்ன, தேவரெல்லாம் பொழச்சாங்க."

"அவங்க பொழச்சாங்க, சரி. சாமிக்கு யாரு மருந்து குடுத்தது?"

வில்லவராயர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் கூட இருப்பவர்களும் சிரிக்க வேண்டும் என்பது கானலூரில் எழுதாத சட்டம். சிரிப்பு கூட்டம் முழுவதும் பரவி, கதை சொன்ன பெரியவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வேம்பனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சியின் முன் உட்கார்ந்தார், கஞ்சி இறங்கவில்லை. என்ன என்று சோலைச்சியார் கேட்டார். தொண்டையில் நஞ்சை வைத்துக்கொண்டு அவர் அங்கே ஒற்றையாக இருக்கிறார், நாம் இங்கே எப்படிச் சாப்பிடுவது என்று அழத் தொடங்கிவிட்டார் வேம்பனார். நஞ்சு தொண்டையை அடைத்தால் என்ன செய்யும் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். சோலைச்சியார் எழுந்துபோய் அம்மியைக் கழுவினார்.

மறுநாள் விடியற்காலையில் வேம்பனார் பனையோலைத் தொன்னையில் அரைத்த அவுரியோடு வாசலில் நின்றார். பூசைக்கு வந்த ஈசான குருக்களை வழிமறித்து, "சாமி தொண்டைக்குங்க ஐயா" என்று நீட்டினார். குருக்கள் இளகிய மனம் படைத்தவர். பிறர் முகம் வாட அவருக்குப் பொறுக்காது. வாங்கிக்கொண்டு உள்ளே போனார். போனவர் என்ன செய்வார்? ஆகமத்தில் பாலுண்டு, தேனுண்டு, அவுரிக் கரைசல் இல்லை. திருமஞ்சன நீர் வெளியேறும் கோமுகியில் சத்தமில்லாமல் ஊற்றிவிட்டார். திரும்பி வரும்போது வேம்பனார் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடித்தாரா என்று கேட்டார். குருக்கள் "ம்" என்றார்.

ஒரு "ம்" தானே என்று நினைத்திருப்பார் பாவம். அந்த "ம்" மறுநாளும் வேண்டியிருந்தது. அதற்கு மறுநாளும் வேண்டியிருந்தது. வேம்பனார் ஒரு நாளும் தவறவில்லை. ஐப்பசி அடைமழையிலும் வந்தார், உடம்பு கொதித்தபோதும் வந்தார். நஞ்சு பழசு, மெல்லத்தான் இறங்கும் என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொள்வார். வில்லவராயர் அவருக்குத் தேவலோக வைத்தியர் என்று பட்டம் சூட்டினார். சாமிக்கு நாடி எப்படி இருக்கிறது, பத்தியம் உண்டா, கடுகு சேர்க்கலாமா என்று ஆட்கள் கேட்டார்கள். வேம்பனார் அதை உண்மையான கேள்வி என்றே எடுத்துக்கொண்டு, கடுகு கூடவே கூடாது என்று பொறுமையாகப் பதில் சொல்வார். இப்படிப்பட்டவரை எப்படித்தான் கேலி செய்ய முடிந்ததோ, எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பிறகு மழை எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டது. ஏரி வறண்டு வெடித்தது. ஆடுகள் வேலி முள்ளைக் கடித்தன. சாயம் வாங்க வருபவர்களின் வண்டித்தடம் மண்மூடிப் போயிற்று. ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டி ஆற்றங்கரை ஊர்களுக்குப் பிழைக்கப் போனார்கள். அவுரி தாங்கியது, மற்றதெல்லாம் கருகிய பின்னும் வெகுகாலம் தாங்கியது. கடைசியில் அதுவும் வரிசை வரிசையாகத் தலை சாய்ந்தது. வேம்பனாரின் காட்டில் வரப்போரம் ஒற்றைச் செடி நின்றது. கானலூர் எல்லைக்குள் அதுவே கடைசி அவுரி. பூக்கத் தெம்பில்லாததால் அதில் விதையும் பிடிக்கவில்லை.

சோலைச்சியாருக்கு ஆற்றங்கரையில் உடன்பிறந்தார் இருந்தனர். போய்விடலாம் என்று அவர் பலமுறை கேட்டார், ஒருமுறை கோபித்துக்கொண்டும் கேட்டார். வேம்பனார் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். நாம் போய்விட்டால் அவருக்கு மருந்து யார் கொடுப்பது? சோலைச்சியார் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே, பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சிந்தாமல் எடுத்துப்போய் அந்தச் செடிக்கு ஊற்றுவார். கைப்பிடி இலை விரற்கடை இலையாகி, அதுவும் குறைந்து, ஒரு நாள் காலை செடியில் இருந்த அத்தனையையும் உருவியபோது ஒரு வேளை மருந்துதான் தேறியது. வேம்பனார் அதை அரைத்துத் தொன்னையில் ஏந்திக்கொண்டு, நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாமலேயே கோயிலுக்கு நடந்தார்.

வாசலில் கூட்டம் நின்றது. நந்தவனத்தில் அரளி ஒன்றே மிச்சம்; அதைப் பறிக்கக் குனிந்த ஈசான குருக்களை நாகம் தீண்டியிருந்தது. வாசற்படியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கண்ணிமை சரிந்து, பேச்சுக் குழறிக்கொண்டிருந்தது. வில்லவராயர் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், வேம்பனாரைக் கண்டதும் ஓடிவந்து, ஊரில் அவுரி எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் பார்வை தொன்னையின்மேல் விழுந்தது.

வேம்பனார் தொன்னையைப் பார்த்தார், குருக்களைப் பார்த்தார். பிறகு தூரத்து விளக்குப் பொட்டைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பனே, நீ தாங்கிக்குவ. இவரு தாங்கமாட்டாரு."

சொல்லிவிட்டுக் குருக்களின் தலையை மடியில் தூக்கி வைத்து, தொண்டையை நீவி நீவி மருந்தை இறக்கினார். ஒரு சொட்டு வெளியே வழியவிடவில்லை. வெயில் ஏறியபோது குருக்கள் கண்ணைத் திறந்தார். எல்லாரும் வேம்பனாரைத் தேடினார்கள். அவர் தேரடியில் உட்கார்ந்து, இன்றைக்கு உனக்கு இல்லையே, இன்றைக்கு உனக்கு இல்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

உடம்பில் தெம்பு வந்ததும் குருக்கள் செய்த முதல் காரியம், ஊர்க்கோடி அவுரிக்காட்டுக்கு நடந்து போனதுதான். மேல்துண்டு தோளிலேயே இருந்தது. தம் உயிரைக் காத்தவரின் முன் நின்று, மறைக்காமல் சொல்லிவிட்டார். வாங்கிய மருந்தையெல்லாம் கோமுகியில் ஊற்றியதையும், ஒரு துளியும் பெருமான்மேல் படாததையும், தினந்தோறும் சொன்ன பொய்யையும் சொன்னார். நீர் என்னை அடித்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

வேம்பனார் தலையில் இடி விழுந்தவர்போல் நின்றார். அவருக்கு அடிக்கத் தோன்றவில்லை, திட்டத் தோன்றவில்லை. தம்மை ஏமாற்றினார்கள் என்பதே அவர் புத்தியில் ஏறவில்லை.

"அப்போ இத்தன வருசமும் அவரு நோவோடவே இருந்தாருங்களா ஐயா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் குருக்கள் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வேம்பனார் உட்காரவில்லை. இலைதான் இல்லை, வேர் இருக்கிறதே என்று நேரே அந்த ஒற்றைச் செடியிடம் போனார். அவுரி வேருக்கு இலையைவிட வீரியம் அதிகம். ஆனால் வேரைத் தோண்டினால் செடி போயிற்று. இலை உதிர்ந்த அவுரி, மழை கண்டால் துளிர்க்கும். வேர் போன அவுரிக்கு மழை என்ன செய்யும்? விதையும் இல்லை. அந்தச் செடி போனால் காடு போயிற்று, தொழில் போயிற்று, அவர்கள் பிழைப்பு அதோடு முடிந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சோலைச்சியாரே களைக்கொத்தியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"ஆழமா வெட்டுங்க. நுனி வேரு அறுந்து உள்ளயே நின்னுக்கப் போவுது."

வேரைக் கழுவி அரைத்துக் கொடுத்ததும் சோலைச்சியார்தான். குருக்கள் அந்தத் தொன்னையை இரு கைகளாலும் வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தார். வேம்பனார் பின்னால் வந்து தேரடியோடு நின்றுகொண்டார். வில்லவராயர் எதிர்ப்பட்டு, ஆகமத்தில் உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் குருக்கள் நிற்காமல் கருவறைக்குள் போனார். அரைத்த வேரை விரலால் எடுத்து, பெருமானின் கண்டத்து நீல வளையத்தின்மேல், நோகாமல், பச்சைக் குழந்தைக்குத் தடவுவதுபோல் தடவினார். பிறகு நீர் விட்டுக் கழுவினார்.

வளையம் இல்லை. கல் வெறும் கல்லாக, ஒரு மாசுமின்றி இருந்தது.

குருக்கள் கூவிய கூவல் வாசல்வரை கேட்டது. ஊரில் எஞ்சியிருந்தவர்கள் எல்லாரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். கறைக்கண்டருக்குக் கறை இல்லை. பஞ்சத்தில் ஏரி போனது, பயிர் போனது, இப்போது சாமியின் பெயரும் போனதே என்று வில்லவராயர் புலம்பினார். நேரே தேரடிக்கு ஓடி, இதுவரை வைத்தியரே என்று எகத்தாளமாகக் கூப்பிட்டவரிடம் கைகூப்பி நின்றார். பெருமானிடம் எப்படியாவது முறையிட்டு அந்தக் கறையைத் திரும்ப வரவழைக்கும்படி கெஞ்சினார்.

வேம்பனாரின் முகம் அன்று பூத்திருந்ததுபோல் ஒரு நாளும் பூத்ததில்லையாம்.

"பேரு வேற வெச்சுக்கலாம் எசமான். போன நஞ்சத் திரும்பவும் குடின்னு அவருகிட்ட எப்படிச் சொல்றது?"

அப்போது கருவறையிலிருந்து குரல் எழுந்தது. குருக்களின் குரல் அன்று. அங்கிருந்த எவருடைய குரலும் அன்று. வாசலில் நின்றவர்களுக்கும் தேரடியில் நின்றவர்களுக்கும் பக்கத்தில் நின்று பேசுவதுபோலவே கேட்டது.

"நான் நஞ்சுண்டதைப் பாடினீர்கள், ஆடினீர்கள், அதையே எனக்குப் பெயராகவும் வைத்தீர்கள். நோகிறதா என்று கேட்டவன் இவன் ஒருவனே. என் வைத்தியனை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அவன் வந்து என்னைப் பார்க்க வேண்டாமா?"

வில்லவராயர் தரையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. குருக்கள் வெளியே வந்து வேம்பனாரின் கையைப் பிடித்து, கோபுர வாசல் தாண்டி, கொடிமரம் தாண்டி, உள்ளே கூட்டிப்போனார். விளக்குப் பொட்டு வளர்ந்து விளக்காயிற்று. வேம்பனார் பெருமானைக் கண்டார். கண்டதும் கும்பிட மறந்துவிட்டார். நோயாளியைப் பார்க்க வந்தவர் முதலில் கும்பிடுவாரா? நேரே கைநீட்டி, கண்டம் இருந்த இடத்தை உள்ளங்கையால் சுற்றி வளைத்துத் தொட்டார்.

"இப்போ நோவு எப்படி இருக்குதுப்பா?"

அவுரிக்காரர் கையை நீங்கள் பார்த்ததில்லை. விரல் நகத்திலிருந்து முழங்கை வரை நீலம் ஊறிக் கிடக்கும். மணல் வைத்துத் தேய்த்தாலும் போகாது, செத்தால் சுடுகாட்டுக்கும் கூடவே போகும். வேம்பனார் கையை எடுத்தபோது அந்தக் கையில் நீலம் இல்லை. பிறந்த குழந்தையின் கைபோல் வெளுத்திருந்தது. நீலம் முழுவதும் பெருமானின் கண்டத்தில், முன்பு கறை ஓடிய அதே இடத்தில், வளையமாக நின்றது. நஞ்சை இறக்கி வைத்துவிட்டு, அன்பர் கையின் அழுக்கை எடுத்து அவர் அணிந்துகொண்டார்.

அதன்பின் மழை கொட்டியது என்றும், தோண்டிய குழியிலேயே அவுரி முளைத்தது என்றும் சிலர் சொல்வார்கள். பெய்திருக்கலாம், முளைத்திருக்கலாம். சோலைச்சியார் ஆற்றங்கரைக்குப் போகவில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். கடவுளுக்கும் நோகுமே என்று கலங்கிய அவுரி வேம்பனாரின் பெயரைச் சொல்ல நம் நாவுக்குக் கொடுத்து வைத்ததே, அது போதும்.